பெஞ்சிலிருந்து எழுந்து எங்கே போவது?

உயர்நிலைப் பள்ளி நாட்களில் ஊரே கொண்டாடிய ஆட்டக்காரியாக இருந்து, அமெரிக்காவின் முதல் பிரிவுக் கல்லூரியொன்றில் உபகாரச் சம்பளத்தோடு கூடைப்பந்து அணியில் இடமும் பெற்று, வந்து சேர்ந்தபின் நாற்பது நிமிஷ ஆட்டத்தில் நான்கு நிமிஷம் களத்தில் நிற்பதற்கே பயிற்சியாளரின் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கும்படி ஆகிவிட்ட ஒரு பெண், பருவம் முடியும் மார்ச் மாதத்தில் வேறு கல்லூரிக்கு மாறிவிடலாமா என்று யோசிப்பது இயல்பே. அந்த யோசனைக்கு முன்காலத்தில் பெரிய அபராதம் ஒன்று இருந்தது. கல்லூரி விளையாட்டுக்களை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. ஸ்தாபனத்தின் விதிப்படி, கூடைப்பந்தில் ஒரு முதல் பிரிவுக் கல்லூரியை விட்டு மற்றொன்றுக்குப் போகிறவள், விசேஷ விலக்குக் கிடைத்தாலன்றி, ஓராண்டு முழுவதும் பயிற்சி செய்யலாமேயொழியப் போட்டியில் ஆட முடியாது. 2018 அக்டோபரில் மாற விரும்புகிறவர்களின் பெயரைப் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற மின்பதிவேடு ஏற்பட்டது. 2021 ஏப்ரலில், முதல் முறை மாறுகிறவளுக்கு அந்த ஓராண்டு விலக்கம் நீங்கியது. 2024 ஏப்ரலில், படிப்பில் தகுதி குறையாதவள் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்றாயிற்று. இப்போது வருஷந்தோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அந்தப் பதிவேட்டில் பெயர் கொடுக்கிறார்கள். தடை இருந்த காலத்தில் அது அவளுக்காகத் தீர்மானித்த விஷயத்தை, தடை நீங்கிய காலத்தில் அவளே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

முதலில் அந்தப் பதிவேட்டின் சுபாவத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். கல்லூரியின் விதிபரிபாலன அலுவலகத்தில் அவள் எழுத்துமூலம் கேட்டால், இரண்டு வேலை நாட்களுக்குள் அவள் பெயரைச் சேர்த்தாக வேண்டும். பயிற்சியாளருக்கு மறுக்கும் அதிகாரம் இல்லை. பெயர் ஏறிய பிறகே மற்றக் கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் அவளோடு பேசலாம். அதற்குமுன் பேசுவது குற்றம். ஆனால் பெயர் ஏறிய கணத்திலிருந்து, நடப்புப் பருவம் முடிந்ததும் அவளுடைய உபகாரச் சம்பளத்தை நிறுத்திவிடவும், அணியில் அவளுடைய இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிடவும் பழைய கல்லூரிக்கு உரிமை உண்டாகிறது. திரும்பி வர மனமிருந்தாலும் பயிற்சியாளர் சம்மதித்தால்தான் வரலாம். ஆகவே, "பெயரைக் கொடுத்துத்தான் பார்ப்போமே, யாராவது கூப்பிட்டால் போவோம், இல்லாவிட்டால் இருந்துவிடுவோம்" என்று தோழிகள் சொல்லும் யோசனையைப் போல அபாயகரமான யோசனை இவ்விஷயத்தில் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். நிறையப் புள்ளிகள் குவித்தவளைத் தேடிப் பதிவேட்டைத் திறக்கும் பயிற்சியாளர்கள் ஏராளம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளின் பெயரை அவர்கள் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்ன கல்லூரி நல்லதா, அன்ன கல்லூரி நல்லதா என்று ஆராய்வதற்கு முன்னால், தான் ஏன் ஆட்டத்தில் இல்லை என்பதற்கு அவள் தனக்குத்தானே கூசாமல் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். தனக்கு முன்னால் அதே ஸ்தானத்தில் தன்னைவிடத் தேர்ந்தவள் நிற்கிறாள் என்பது ஒரு காரணம். தான் ஆடும் விதமும் அணி ஆடும் விதமும் பொருந்தவில்லை என்பது மற்றொன்று. காயமும், வீட்டு நினைவும், படிப்பின் பாரமும், மனச்சோர்வும் தனித்தனிக் காரணங்கள். தன் ஆட்டமே இந்த மட்டத்துக்குப் போதவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். சொல்வதற்கு அதுதான் மிகக் கஷ்டமானது. காரணம் வேறுபட்டால் பரிகாரமும் வேறுபடும். இந்த ஒரு விசாரணையைச் செய்யாமல் மாறியவர்களே இரண்டாவது கல்லூரியிலும் அதே பெஞ்சில் போய் உட்காருகிறார்கள்.

இருக்கும் இடத்திலேயே இருப்பது என்ற மார்க்கத்தை இக்காலத்தில் யாரும் மார்க்கமாகவே கருதுவதில்லை. தைரியமில்லாதவள் செய்யும் காரியம் என்று எண்ணுகிறார்கள். அயோவா பல்கலைக்கழகத்தின் கேட் மார்ட்டின் முழங்கால் காயத்தால் முதல் ஆண்டு ஆடாமலே கழித்து, அதன்பின் மெள்ள மெள்ள அணியில் இடம்பெற்று, கெய்ட்லின் கிளார்க்கின் பெரும் பிரகாசத்துக்குப் பக்கத்திலே நின்று ஆடி, ஆறு ஆண்டும் ஒரே கல்லூரியில் இருந்தார். 2024-இல் தொழில்முறைச் சங்கமான டபிள்யூ.என்.பி.ஏ. ஆட்டக்காரிகளைத் தேர்ந்தெடுத்த இரவில் அவர் தோழியைப் பாராட்டச் சபையில் உட்கார்ந்திருந்தபோது, பதினெட்டாவது பெயராக அவர் பெயரையே அழைத்தார்கள். தென் கரோலினாவின் ரேவன் ஜான்சனும் முதல் ஆண்டை முழங்கால் காயத்தில் இழந்தவர். 2023 அரையிறுதியில், இவர் தொலைவிலிருந்து எறிந்தாலும் பாதகமில்லை என்று கிளார்க் கையசைத்து இவரைக் காவலில்லாமல் விட்ட காட்சியை நாடே பார்த்தது. அவர் ஓடிவிடவில்லை, எறிவதைப் பழகினார், மறுவருஷம் அதே அயோவாவை இறுதியாட்டத்தில் வென்ற அணியில் இருந்தார்.

ஆகையால், தனக்கு முன்னால் நிற்பவள் இறுதியாண்டுக்காரியாக இருந்தால், அல்லது காயமே காரணமாக இருந்தால், அல்லது "இன்னின்ன குறையைச் சரிசெய்தால் உனக்கு ஆட்டம் உண்டு" என்று பயிற்சியாளர் குறிப்பாகச் சொல்லியிருந்தால், இருப்பதே மேல். "பொறுமையாக இரு" என்று மட்டும் அவர் பொதுப்படச் சொல்லிக்கொண்டிருந்தால், அந்தப் பேச்சை நம்பி இரண்டாவது வருஷத்தையும் ஒப்படைக்க வேண்டியதில்லை. ஒரு பருவம் போட்டியில் இறங்காமல் பயிற்சி மட்டும் செய்யும் ரெட்ஷர்ட் முறையும் உண்டு. ஐந்து ஆண்டுக்குள் நான்கு பருவம் ஆடலாம் என்ற கணக்கில் ஒரு பருவம் அதனால் மிச்சமாகும். ஆனால் பருவம் தொடங்குமுன் யோசிக்க வேண்டிய விஷயம் அது.

பெரிய கல்லூரியிலிருந்து மற்றொரு பெரிய கல்லூரிக்கே போவது இரண்டாவது மார்க்கம். எல்லோருக்கும் ஆசை இதன்மேல்தான். ஆறடி ஏழங்குல உயரமுள்ள லாரன் பெட்ஸ் 2022-இல் நாட்டின் முதல்தர ஆட்டக்காரி என்று மதிக்கப்பட்டு ஸ்டான்ஃபோர்டு சேர்ந்தார். அங்கே உள்வட்டத்தில் கேமரன் பிரிங்க் இருந்தார்; பெட்ஸுக்குக் கிடைத்தது ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ பத்து நிமிஷம். ஓராண்டு முடிந்ததும் யு.சி.எல்.ஏ.வுக்கு மாறினார், 2025-இல் அந்த அணியை, என்.சி.ஏ.ஏ. போட்டிகளில் முதன்முறையாக, கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக்கினார். இங்கே வியாதி ஸ்தானத்தில் இருந்தது, மருந்தும் ஸ்தானமே. ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்லவேண்டும். புதிய கல்லூரியின் முதல் பருவத்திலேயே அவர் சில நாட்கள் அணியைவிட்டு ஒதுங்கியிருக்க நேர்ந்தது; மனச்சோர்வோடு தாம் பட்ட பாட்டைப் பின்னாளில் தாமே பகிரங்கமாக எடுத்துச் சொன்னார். களத்து நிமிஷங்களை மாற்றம் கொடுத்தது. மனத்துக்கு வேண்டிய சிகிச்சையை அவர் தனியாகத் தேட வேண்டியிருந்தது. மனமே காரணம் என்று அறிந்த பெண், எந்தக் கல்லூரியிலும் முதலில் விசாரிக்க வேண்டியது பயிற்சி மண்டபத்தின் அழகை அல்ல, மனநல ஆலோசகர் அணியோடு இருக்கிறாரா என்பதைத்தான்.

ஹெய்லி வான் லித்தின் விருத்தாந்தம் இன்னும் போதனை நிறைந்தது. லூயிவில் கல்லூரியில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 19.7 புள்ளி எடுத்தவர், தேசிய வெற்றி பெற்றிருந்த எல்.எஸ்.யு.வுக்கு 2023-இல் மாறினார். அங்கே அவரைப் பந்தை நடத்திச் செல்லும் பாயிண்ட் கார்டாக ஆக்கினார்கள்; சராசரி 11.6 ஆகச் சுருங்கியது, பத்திரிகைகள் பழித்தன. மறுவருஷம் அதைவிடப் புகழ் குறைந்த டெக்ஸாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கேயும் அதே பாயிண்ட் கார்டு வேலைதான். ஆனால் மார்க் காம்ப்பெல் என்ற பயிற்சியாளர், உயரமான ஒருத்தி வந்து மறைத்து நிற்க, பந்து வைத்திருப்பவள் வளைந்து புகும் பிக் அண்ட் ரோல் முறையை மையமாக வைத்து அவருக்காகவே தாக்குதலை அமைத்திருந்தார். சராசரி 17.9 ஆக ஏறிற்று. அந்தக் கல்லூரி ஆடும் வட்டாரச் சங்கத்தின் சிறந்த ஆட்டக்காரி என்ற பட்டமும், டபிள்யூ.என்.பி.ஏ. தேர்வில் பதினோராவது இடமும் கிடைத்தன. முதல் மாற்றத்தில் அவர் தேடிச் சென்றது பெரிய பெயரை. இரண்டாவதில் தமக்குப் பொருந்திய வேலையை. சட்டையில் எழுதியிருக்கும் பெயருக்காக மாறுவது எல்லாக் காரணங்களிலும் கடைசிக் காரணம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதுவரை சொன்ன நால்வரும் அபூர்வத் திறமைசாலிகள். பெஞ்சில் இருக்கும் சாதாரண ஆட்டக்காரிக்கு இவர்கள் வாழ்க்கை நேரான அளவுகோல் ஆகாது. அவளுக்கு நான் சிபாரிசு செய்வது பெரும்பாலும் மூன்றாவது மார்க்கமே: ஒருபடி இறங்கி, தன் ஸ்தானம் காலியாக இருக்கும் நடுத்தர வட்டாரச் சங்கம் ஒன்றுக்குப் போவது. எலெனா டெல் டான் 2008 கோடையில், நாட்டிலேயே புகழ்பெற்ற கனெக்டிகட் அணியில் சேர்ந்து, சில நாட்களிலேயே வீடு திரும்பினார். கண்ணும் காதும் இல்லாத தம் சகோதரியைப் பிரிந்திருக்க அவரால் முடியவில்லை. சொந்த மாநிலத்து டெலவேர் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் வாலிபால் ஆடிவிட்டு, பிறகு கூடைப்பந்துக்குத் திரும்பினார். சிறிய கல்லூரி என்பதால் அவரை யாரும் காணாமல் விட்டுவிடவில்லை. 2013-இல் தொழில்முறைத் தேர்வில் இரண்டாவது இடம், 2015-லும் 2019-லும் சங்கத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரி விருது.

இன்னும் இறங்கலாம். இரண்டாம் பிரிவில் உபகாரச் சம்பளம் பெரும்பாலும் பகுதியாகக் கிடைக்கும். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. தேவையையும் படிப்பையும் பார்த்துக் கொடுக்கும் உதவிதான். ஆனால் படிப்பே பிரதானம் என்று உணர்ந்துவிட்ட பெண்ணுக்கு அங்கே ஆடுவது அவமானமல்ல. 2024-லும் 2025-லும் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் மூன்றாம் பிரிவுப் பட்டத்தை வென்ற நியூயார்க் பல்கலைக்கழகத்துப் பெண்களைப் பார்த்துக் கூடைப்பந்து தெரியாதவர்கள் என்று யார் சொல்வார்கள்?

இரண்டாண்டுக் கல்லூரி என்ற மார்க்கம் ஒன்றும் இருக்கிறது. அதை நினைத்து மூக்கைச் சுளிக்கிறவர்களுக்கு ஷெரில் ஸ்வூப்ஸின் பெயர் ஒன்றே போதும். ஆஸ்டினிலுள்ள டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய், வீட்டு நினைவு தாங்காமல் சில நாட்களில் திரும்பி, சொந்த ஊருக்குச் சமீபத்திலுள்ள சௌத் பிளெயின்ஸ் கல்லூரியில் இரண்டாண்டு ஆடி, பிறகு டெக்ஸாஸ் டெக் சென்றார் அவர். 1993 இறுதியாட்டத்தில் தனியொருவராக 47 புள்ளி எடுத்துக் கல்லூரிக்குப் பட்டம் வாங்கித் தந்தார். இந்த மார்க்கம் இன்னும் பட்டப் படிப்பில் ஆழமாக இறங்காத முதலாண்டுக்காரிக்குப் பொருந்தும். மூன்றாமாண்டுக்காரிக்கு இது வழியே அல்ல.

எந்த மார்க்கமானாலும், ஆட்டக்காரிகள் அலட்சியம் செய்கிற விஷயம் பாடக் கணக்கு. முதல் பிரிவு விதிப்படி, இரண்டாமாண்டு முடிவில் பட்டத்துக்குரிய பாடங்களில் 40 சதவீதமும், மூன்றாமாண்டு முடிவில் 60 சதவீதமும், நான்காமாண்டு முடிவில் 80 சதவீதமும் முடித்திருந்தால்தான் அவள் ஆடத் தகுதியுடையவள். 120 கிரெடிட் கொண்ட பட்டமென்றால், 48, 72, 96 என்று ஆகும். இதில் சூட்சுமம் என்னவென்றால், கணக்கில் சேர்வது அவள் படித்த மொத்தப் பாடங்கள் அல்ல; புதிய கல்லூரியில் அவள் எடுத்துக்கொள்ளும் பட்டத்துக்கு ஏற்ற பாடங்கள். இரண்டாண்டு நர்ஸிங் படித்து அறுபது கிரெடிட் சேர்த்தவள், நர்ஸிங் இல்லாத கல்லூரிக்குப் போனால், அவற்றில் பாதி விருப்பப் பாடமென்று ஒதுக்கப்பட்டுப் போகலாம். ஆட்டத்தில் இடம் கிடைத்தும் ஏட்டில் தகுதியற்றவளாகப் பழையபடி பெஞ்சிலேயே உட்காருவாள். விதி அனுமதிக்கிறதென்று மூன்று கல்லூரி, நான்கு கல்லூரி என்று மாறுகிறவளுக்குப் பட்டம் ஒவ்வொரு முறையும் தூரப் போகும். தொழில்முறைச் சங்கத்தில் இடம் பெறுவோர் மிகச் சிலரே ஆகையால், பெரும்பாலோருக்கு அந்தப் பட்டம்தான் கடைசியில் கையில் நிற்கப்போவது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2021 ஜூலை முதல் ஆட்டக்காரிகள் தங்கள் பெயரை விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் அங்கீகரித்த ஒப்பந்தத்தின்படி கல்லூரிகளே நேராகவும் பணம் கொடுக்கலாம். பத்திரிகைகளில் வரும் பெருந்தொகைகள் பெஞ்சில் இருந்தவளை நாடி வருவதில்லை. அவளுக்கு முக்கியமான மாறுதல் வேறு: முன்பெல்லாம் முதல் பிரிவில் பெண்கள் கூடைப்பந்துக்குக் கொடுக்கும் உபகாரச் சம்பளம், பதினைந்து பேர் வரை, முழுச் சம்பளமாகவே இருந்தது, புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரி அதைப் பகுதியாகவும் கொடுக்கலாம். ஆகவே தொலைபேசியில் கேட்ட இனிய வார்த்தை போதாது. முழுச் சம்பளமா, எத்தனை ஆண்டுக்கு என்பது எழுத்தில் வரவேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த மாணவி விசா அலுவலரையும் கலந்துகொள்வது அவசியம்.

புதிய பயிற்சியாளர் பேச வரும்போது, "எனக்கு எத்தனை நிமிஷம் தருவீர்கள்" என்று கேட்பது பயனற்றது. நேர்மையுள்ளவர் எவரும் அதற்கு வாக்களிக்க மாட்டார். "என் ஸ்தானத்தில் இப்போது யார் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு இன்னும் எத்தனை வருஷம் பாக்கி, இந்தப் பதிவேட்டிலிருந்து அதே ஸ்தானத்துக்கு இன்னும் யாரை அழைக்கிறீர்கள், உங்கள் ஒப்பந்தம் எப்போது முடிகிறது" என்று கேட்கவேண்டும். கடைசிக் கேள்வி துடுக்காகத் தோன்றும். ஆயினும் அழைத்தவர் அடுத்த வசந்தத்தில் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால் அவளும் மறுபடி நிராதரவாவாள். அந்த அணியில் சென்ற ஆண்டு அதிகம் ஆடாத ஒருத்தியோடு தனியே பேசிப் பார்ப்பதும் நல்லது. நட்சத்திர ஆட்டக்காரி எல்லா அணியையும் புகழ்வாள்.

கால அவகாசம் ஆண்டுக்காண்டு சுருங்கி வருகிறது: பெயர் கொடுப்பதற்கு முதலில் 60 நாள் இருந்தது, பின்பு 45, 2025 வசந்தத்தில் 30 என்று ஆயிற்று. ஆகையால் கதவு திறந்தபின் யோசிக்கத் தொடங்குவது தாமதம். பிப்ரவரியிலேயே பாட ஆலோசகரிடம் உட்கார்ந்து மிச்சமுள்ள பாடங்களின் பட்டியலை வாங்கிக்கொள்ளட்டும். பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்த வாரத்தில் தன் பயிற்சியாளரை நேரில் கண்டு, வரும் ஆண்டில் தன்னை என்ன வேலைக்கு வைத்திருக்கிறார் என்று கேட்கட்டும். அவர் சொல்வதை அன்றிரவே எழுதிவைத்து, பெற்றோரோடு ஒருமுறை படித்துப் பார்த்தபின் விதிபரிபாலன அலுவலகத்துக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம்.