பழைய சரக்கு வண்டிக்கு ஆயில் பில்டர் வாங்கும்போது

சொந்தமாகச் சரக்கு வண்டி வைத்திருக்கும் வணிகர்களில் பலர், வாங்கிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஆன வண்டியைத்தான் ஓட்டி வருகிறோம். கம்பெனி சர்வீசுக்கு விடுவது முதல் இரண்டு மூன்று ஆண்டுகளோடு நின்றுவிடும். பிறகு தெரிந்த மெக்கானிக், அவர் சொல்லும் கடை, அந்தக் கடையில் இருக்கும் சாமான். ஆயில் பில்டரும் அப்படித்தான் வருகிறது. டிரைவரிடம் பணத்தைக் கொடுத்து, "நம்ம வண்டிக்கு பில்டர் ஒண்ணு வாங்கிட்டு வாப்பா" என்று அனுப்பிவிடுகிறோம். சில நூறு ரூபாய்ச் சாமான்தானே என்று அதற்கு மேல் யோசிப்பதில்லை. ஆனால் அது தவறினால் அடிபடுவது என்ஜின். என்ஜின் வேலைக்கு ஆகும் செலவு ஒரு பக்கம், வண்டி நிற்கும் நாட்களில் வாடகை வண்டிக்குக் கொடுக்கும் பணம் மறு பக்கம்.

வண்டியின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்பதுதான் முதல் கோளாறு. ஒரே பெயரில் பல ஆண்டு விற்கும் வண்டிக்குள் என்ஜின் ஒன்றாகவே இருப்பதில்லை. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் மாறும்போது என்ஜினும் மாறும். பி.எஸ்.4 விதி நாடு முழுவதும் 2017 ஏப்ரலிலும், பி.எஸ்.6 விதி 2020 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தன. டாடா ஏஸ் 2005-ல் வந்தபோது அதில் இருந்தது 702 சி.சி. இரட்டை சிலிண்டர் டீசல் என்ஜின். அதே ஏஸ் பெயரில் பிற்பாடு பெட்ரோல், சி.என்.ஜி. வண்டிகளும் வந்தன. மின்சார ஏஸும் வந்துவிட்டது. அதற்கு ஆயில் பில்டரே கிடையாது! ஆகவே கடைக்காரரிடம் சொல்ல வேண்டியது ஆர்.சி. புத்தகத்தில் உள்ள தயாரிப்பு மாதம், ஆண்டு, சேஸிஸ் எண், என்ஜின் எண் ஆகியவை. இடையில் என்ஜின் மாற்றிய வண்டியாக இருந்தால் என்ஜினிலேயே பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பழைய பில்டரைக் கழற்றிக் கொண்டுபோய், "இது மாதிரியே கொடுங்கள்" என்று கேட்கும் வழக்கமும் உண்டு. பழைய வண்டியில் இதை நம்ப முடியாது. போன முறை போட்டதே தவறானதாக இருந்தால், அந்தத் தவறுதான் மறுபடியும் வரும். பார்வைக்கு ஒரே உயரம், ஒரே பருமன் உள்ள இரண்டு பில்டர்கள் உள்ளே முற்றிலும் வேறாக இருக்கலாம்.

முக்கியமானது மரை. திருகிப் போடும் பில்டர்களில் 3/4 அங்குல மரை ஒரு வகை; 20 மில்லிமீட்டர் மரை இன்னொரு வகை. 3/4 அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. 20 மில்லிமீட்டர் பில்டரை 3/4 அங்குல ஸ்டட்டில் வைத்தால் தளர்வாக ஏறி, இறுகியது போலவும் தோன்றும். ஆனால் மரை ஓரத்தில்தான் பிடித்திருக்கும். ஓட்டத்தில் ஆயில் அழுத்தம் ஏறும்போது பில்டர் பிய்த்துக்கொண்டு வந்தால், சிறிது நேரத்தில் ஆயில் முழுவதும் சாலையில் போய்விடும். டிரைவர் விளக்கைக் கவனித்து நிறுத்துவதற்குள் பேரிங் தேய்ந்துவிடும்.

அடுத்தது வால்வு. பில்டர் அடைத்துக்கொண்டாலும் என்ஜினுக்கு ஆயில் நிற்காமல் போக பைபாஸ் வால்வு வைத்திருக்கிறார்கள். சில என்ஜின்களில் அது பில்டருக்குள் இருக்கும். சிலவற்றில் என்ஜின் பக்கம் இருக்கும். பில்டருக்குள் வால்வு தேவைப்படும் என்ஜினில் வால்வு இல்லாததைப் போட்டால், அடைப்பு ஏற்பட்ட அன்று என்ஜின் ஆயில் இல்லாமல் ஓடும். பில்டர் படுக்கையாகவோ தலைகீழாகவோ பொருத்தப்பட்ட வண்டிகளுக்கு, நிறுத்தியபின் ஆயில் கீழே இறங்கிவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வும் தேவை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி கடகடவென்று சத்தம் வந்து அடங்கினால், முதலில் பார்க்க வேண்டியவற்றில் இந்த வால்வும் ஒன்று.

"இன்னும் நைசாக வடிகட்டும்" என்று சொல்லி விற்பதையும் யோசித்து வாங்க வேண்டும். மைதா சலிக்கும் சல்லடையில் ரவையைக் கொட்டினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். கண் சிறிதாகி, தாளின் பரப்பும் குறைவாக இருந்தால் ஆயில் போதிய அளவு ஓடாது. அந்த என்ஜினுக்கு என்ன குறிப்பிட்டிருக்கிறதோ அதுவே போதும்.

அப்படியானால் எதை நம்புவது? வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள உதிரி பாக எண்ணை நம்பலாம். கையேடு தொலைந்திருந்தால், கம்பெனி உதிரி பாகக் கடையில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் எடுத்துத் தருவார்கள். வேறு நல்ல கம்பெனி பில்டர் வாங்குவதிலும் தவறில்லை; அந்தக் கம்பெனியின் பட்டியலில் நம் எண்ணுக்கு நேராக எந்த எண் போட்டிருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். "இதுவும் பொருந்தும் அண்ணாச்சி" என்பது போதாது.

போலிச் சரக்கைக் கண்டுபிடிப்பது நமக்குப் புதிதல்ல. பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை இருக்கின்றனவா, பெட்டியின் எண்ணும் டப்பாவில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். கடையின் பெயரில் ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். வியாபாரத்துக்கு ஓடும் சரக்கு வண்டியின் உதிரி பாகத்துக்குக் கட்டிய வரியை, காம்போசிஷன் திட்டத்தில் இல்லாதவர்கள் உள்ளீட்டு வரியாக எடுக்க வழியுண்டு. இதையும் பலர் விட்டுவிடுகிறார்கள்.

மாட்டும்போது பழைய ரப்பர் வளையம் என்ஜின் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அதன்மேல் புதியதை ஏற்றினால் ஆயில் பீய்ச்சும். புது வளையத்தில் சிறிது ஆயில் தடவி, கையால் திருகி, வளையம் முகத்தைத் தொட்டபின் பில்டரில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு மட்டும், பெரும்பாலும் முக்கால் சுற்று, இறுக்கினால் போதும். ஸ்டார்ட் செய்து ஆயில் விளக்கு அணையும்வரை ஆக்சிலேட்டரை மிதிக்கக் கூடாது. சில நிமிடம் ஓடவிட்டு, கசிவு பார்த்து, என்ஜினை நிறுத்திச் சற்றுப் பொறுத்து ஆயில் குச்சியில் அளவு பாருங்கள். பில்டரின் எண், தேதி, கிலோமீட்டர் மூன்றையும் வண்டியில் உள்ள நோட்டில் எழுதி வைத்தால், அடுத்த முறை டிரைவர் மாறியிருந்தாலும் அந்த எண்ணைச் சொல்லியே வாங்கி வருவார்.