முன்னோர் ஊர்க்கு மீளுதல்

ஊர் என்பது ஈரெழுத்தாலாகிய சிறு சொல். ஆயினும் அதனுள் அடங்கிய பொருள் பெரிது. வீடும் வயலும், குளமும் கோயிலும், நெற்களமும் இடுகாடும், ஒருவரை ஒருவர் முறைசொல்லி அழைக்கும் உறவும் ஒருங்கு சேர்ந்ததே ஊராகும். ஆதலின் அன்றோ புதியவர் ஒருவரைக் கண்டவுடன் நம் நாட்டார் அவர் பெயரைக் கேட்குமுன் ஊரைக் கேட்கின்றனர்! அத்தகைய ஊரை இழந்தோர் பல்லாண்டு கழித்து அதனை மீளப் பெறுங்கால், அவர் பெறுவது வெறும் மண்தானா? அன்றி மண்ணினும் மேலாய தொன்று உளதா? இவ்வினாவிற்கு வேதாகமத்தில் எரேமியா, எஸ்றா, நெகேமியா என்னும் மூன்று நூல்களும் விடை பகர்கின்றன. அவ்விடையை நம் காலத்து ஈழத் தமிழர் வாழ்வோடு ஒப்புநோக்கி ஆராய்தலே இக்கட்டுரையின் கருத்தாகும்.

வரலாற்றை முதற்கண் சுருங்கக் கூறுவாம். கி.மு. 586-ஆம் ஆண்டையொட்டிப் பாபிலோன் வேந்தன் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை அழித்தது. ஆலயம் தீக்கிரையாயிற்று, மக்களுட் பலர் சிறைப்பட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டனர். கி.மு. 539-இல் பாரசீக வேந்தன் கோரேசு பாபிலோனைக் கைப்பற்றி, அடுத்த ஆண்டில் யூதர் தம் நாட்டிற்கு மீளலாம் என ஆணை பிறப்பித்தான். செருபாபேல், யெசுவா என்போர் தலைமையில் மக்கள் திரும்பினர். கி.மு. 515-இல் ஆலயம் கட்டி முடிந்தது. கி.மு. 445-இல் நெகேமியா வந்து, இடிந்து கிடந்த மதிலை 52 நாளில் எழுப்புவித்தார். ஆலயமும் மதிலும் எழுந்த வரலாறு யாவரும் அறிந்தது. மீண்டோர் தத்தம் முன்னோர் ஊர்களிற் குடியேறிய வரலாறோ பலரும் ஊன்றிப் படியாது விடும் பகுதியாகும்.

எஸ்றாவின் நூலில் இரண்டாம் அதிகாரம் ஒரு நீண்ட பெயர் வரிசை. நெகேமியாவின் ஏழாம் அதிகாரத்திலும் அவ்வரிசை சிறுசிறு வேறுபாடுகளுடன் மீண்டும் வருகின்றது. பெத்லெகேம் ஊரார் 123 பேர், ஆனதோத் ஊரார் 128 பேர், எரிகோ ஊரார் 345 பேர் என இவ்வாறு எண்ணிச் சென்று, சபையார் அனைவரும் 42,360 பேர் என எஸ்றா முடிக்கின்றார். இது சுவையற்ற கணக்கு என எண்ணிப் பலர் இதனைக் கடந்து செல்வர். சற்று நின்று நோக்கின் ஓர் உண்மை புலப்படும். இவருட் பெரும்பாலார் பாபிலோனிற் பிறந்தவர். பெத்லெகேமின் கிணற்றையோ எரிகோவின் பேரீச்ச மரங்களையோ கண்ணாற் கண்டவரல்லர். எனினும் அவர் பெத்லெகேம் ஊரார் என்றும் எரிகோ ஊரார் என்றுமே எண்ணப்பட்டனர். ஊர் பாழாய்க் கிடந்த காலத்தும் அதன் பெயர் பாழாகாமல் தாயர் நாவிலும் தந்தையர் நாவிலும் வாழ்ந்திருந்தது. தம் தந்தை வழியை எடுத்துக் காட்ட இயலாதவர் 652 பேரும் அக்கூட்டத்தில் இருந்தனர் என்று எஸ்றா கூறுகின்றார். சான்று இல்லை என்பதற்காக அவர் வழியில் விடப்படவில்லை, அவரும் எண்ணப்பட்டனர். பேரரசின் கணக்கிற் சிறைக்கூட்டமாய் இருந்தவர், கர்த்தர் திருமுன் பெயரும் ஊரும் உடைய மக்களாயினர்.

இவ்வரிசையில் ஆனதோத் ஊரார் 128 பேர் என்னும் தொடர் தனியே சிந்திக்கத்தக்கது. ஆனதோத் எரேமியா தீர்க்கதரிசியின் சொந்த ஊர். எருசலேமைப் பாபிலோனியர் படை முற்றுகையிட்டிருந்த வேளை; எரேமியாவோ சிதேக்கியா மன்னனின் காவல் முற்றத்தில் அடைபட்டிருந்தார். அந்நிலையில் அவர் தந்தையின் உடன்பிறந்தார் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்திலுள்ள தன் நிலத்தை வாங்கிக்கொள்ளுமாறு வேண்டினான். பகைவர் வாயிலில் நிற்கும்போது நிலம் வாங்குவார் யார்? எரேமியா வாங்கினார். 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளின் முன் கிரயப் பத்திரம் எழுதி முத்திரையிட்டு, நெடுநாள் கெடாதிருக்கும்படி அதனை மட்பாண்டத்தில் வைக்குமாறு பாருக்கினிடம் ஒப்புவித்தார். இந்நாட்டில் வீடுகளும் வயல்களும் மீண்டும் வாங்கப்படும் என்பதே அச்செயல் உணர்த்திய செய்தி. அந்நிலத்தில் அவர் ஒருநாளும் ஏர் பூட்டியதாக வேதாகமம் கூறவில்லை. ஆனால் இரண்டு தலைமுறை கழித்து, ஆனதோத் ஊரார் 128 பேர் திரும்பி வந்தனர். மட்பாண்டத்தில் வைத்த பத்திரம் பொய்க்கவில்லை.

இனி நம் இனத்தார் வரலாற்றை நோக்குவோம். மதுரைத் திருச்சபைக்கு யாழ்ப்பாணம் அயலிடம் அன்று. அமெரிக்க மிஷனார் 1816-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையிற் பள்ளி தொடங்கினர். யாழ்ப்பாணத்திலிருந்தே 1834-இல் மதுரைக்கு வந்தனர். தெல்லிப்பழையிற் பணியாற்றிய டானியல் பூவர் ஐயரே 1830-களில் மதுரைச் சீமையிலும் பல பள்ளிகளைத் திறந்தார். எனவே அந்நிலப்பகுதி நம் கல்விக்குத் தாயகம் எனலாம். அப்பகுதியைச் சார்ந்த மயிலிட்டி, காங்கேசன்துறை, பலாலி முதலிய ஊர்கள் 1990-ஆம் ஆண்டுப் போரில் மக்களை இழந்து வெறுமையாயின. இராணுவம் அவற்றை உயர் பாதுகாப்பு வலயமாகத் தன் கையில் வைத்துக்கொண்டது. 2009-இல் போர் முடிந்தபின்னும் மக்கள் உடனே திரும்ப இயலவில்லை. நிலங்கள் சிறிது சிறிதாகவே விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017-ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலேதான், 27 ஆண்டுகட்குப் பின், மீனவர்க்குத் திரும்பக் கிடைத்தது.

கிளிநொச்சி மாவட்டத்து இரணைதீவின் வரலாறு இன்னும் உருக்கமானது. அத்தீவில் வாழ்ந்த கத்தோலிக்க மீனவர் 1992-இல் போரினால் வெளியேறி எதிர்க்கரையில் இரணைமாதா நகர் என்னுமிடத்தில் தங்கினர். தீவு கடற்படையின் கையில் இருந்தது. கடலுக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் தம் ஊரைக் கண்டும் அதிற் குடியிருக்க உரிமை இல்லாதிருந்தனர். 2017-ஆம் ஆண்டு மே மாதம் முதல் அறவழியில் அமர்ந்து முறையிட்டனர். ஏறத்தாழ ஓராண்டு சென்றும் விடை கிடைக்காமையால், 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் வெள்ளைக் கொடிகளுடன் தம் படகுகளில் ஏறித் தாமே தீவிற்குச் சென்றனர். கரையேறிய மக்கள் தம் பழைய கோயிலில் ஒன்றுகூடிச் செபித்தனர். பாபிலோனிலிருந்து மீண்டோர் ஆலயத்திற்கு அடிக்கல் இடுமுன் பலிபீடத்தைக் கட்டினர் என எஸ்றா கூறுவது ஈண்டு நினைவிற்கு வருகின்றது.

யாழ்ப்பாணத்தார் நிலப்பத்திரத்தை உறுதி என்று வழங்குவர். வாடிப்பட்டியைச் சூழ்ந்த எம் ஊர்களில் அதனையே பத்திரம் என்போம். 1895-இல் பெரியாற்று நீர் வந்தபின் இருபோகம் கண்ட எங்கள் வயல்களிலும், ஒரு காணியைப் பற்றிப் பேச்செழுந்தால் விலைக்கு முன்னே பாட்டன் பெயரே எழும். ஆயினும் உறுதி என்னும் ஈழவழக்கில் ஒரு நயம் உண்டு. நிலத்திற்குச் சான்றாகிய ஏடும் உறுதி. நெஞ்சின் திண்மையும் உறுதி. இடம்பெயர்ந்தோர் பலர் பிற பொருளை விட்டுச் செல்லினும் காணி உறுதியைத் துணியிற் சுற்றி எடுத்துச் சென்றனர். முகாமிலிருந்து முகாமிற்கு அவ்வேட்டைக் காத்த தாயர், எரேமியாவின் மட்பாண்டத்திற்கு உறவினர் ஆவர். காணாத நாளை நம்பி இன்று கையெழுத்திடும் துணிவே விசுவாசம். முன்னோர் ஊர்க்கு மீளுதலின் முதற் பொருள் இதுவாகும்.

ஆயின் மீட்சி இவ்வளவில் முடிவதன்று. ஆலயத்திற்கு அடிக்கல் இட்ட நாளில், பழைய ஆலயத்தைக் கண்டிருந்த முதியோர் வாய்விட்டு அழுதனர், இளையோர் ஆர்ப்பரித்தனர், அழுகையொலி இன்னது, மகிழ்வொலி இன்னது எனப் பிரித்தறிய இயலவில்லை என எஸ்றா கூறுகின்றார். மயிலிட்டி முதலிய ஊர்களுக்கு மீண்டோரும் அங்ஙனமே கலங்கினர். வீடிருந்த இடத்தில் பற்றை மண்டியிருந்தது. வேலியிருந்த எல்லை புலப்படவில்லை. விட்டுச் சென்ற ஊர் அங்கே காத்திருக்கவில்லை. அதனைப் புதிதாகக் கட்டவேண்டியிருந்தது. எனவே மீளுதல் என்பது பழமையை எடுத்துக்கொள்வதன்று, புதுக்கடமையை ஏற்றுக்கொள்வது.

அக்கடமை யாது? நெகேமியா ஐந்தாம் அதிகாரம் அதனை உரைக்கின்றது. மதில் கட்டும் வேளையில் ஏழைகள் ஓலமிட்டனர். பஞ்சத்தில் தானியம் வாங்குவதற்கும் வேந்தனுக்கு வரி செலுத்துவதற்கும் அவர் தம் வயலையும் திராட்சத் தோட்டத்தையும் அடகு வைத்திருந்தனர். தம் மக்களை அடிமைகளாக்கவும் நேர்ந்தது. அடகு பிடித்தவர் பாபிலோனியர் அல்லர். தம் சகோதரராகிய யூதரே. நெகேமியா சினந்து, பெருமக்களைச் சபை முன் நிறுத்தி, நிலங்களையும் வட்டியையும் அன்றே திருப்பிக் கொடுக்கச் செய்தார். அந்நியன் கையினின்று மீண்ட நிலம் உடன்பிறந்தான் கையிற் சிக்குமாயின், அது சொந்த ஊரிலேயே சிறையிருப்பாகும் அன்றோ?

இதனோடு ஒத்த மற்றொரு கடமையும் உண்டு. ஈழத்தின் வடபுலத்தில் ஊரிழந்தோர் தமிழ் இந்துக்களும் கிறிஸ்தவரும் மட்டுமல்லர். 1990-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். ஏறத்தாழ எழுபதினாயிரவர்க்கு மேற்பட்டோர் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த வீடுகளை விட்டு ஏகினர். பெரும்பாலோர் புத்தளத்தில் தங்கினர். அவரும் தமிழ் பேசுவோர். அவர்க்கும் பாட்டன் மண் உண்டு. நம் மீட்சிக்காக மன்றாடுவோர் அவர் மீட்சிக்கும் மன்றாடுதல் வேண்டும். நிலம் கர்த்தருடையது, மக்கள் அதில் தங்கும் விருந்தினர் என்பது லேவியராகமம் காட்டும் நெறி. விருந்தினன் மற்றொரு விருந்தினனைப் பந்தியினின்று எழுப்புதல் தகுமா?

யாவும் நம் ஊரே எனக் கொள்ளுதல் அன்றோ தமிழர் பண்பு. முன்னோர் ஊர் என ஒன்றைப் பற்றி நிற்றல் குறுகிய பற்று ஆகாதோ எனின், ஆகாது. உலகனைத்தையும் உறவாகக் கண்ட புறநானூற்றுப் புலவர் எப்பெயரால் அறியப்படுகின்றார்? கணியன் பூங்குன்றனார் என்று தம் ஊர்ப்பெயராலேயே அறியப்படுகின்றார். தன்னூரை அறிந்தவனுக்கே பிறர் ஊரின் அருமை தெரியும். எரேமியாவும் பாபிலோனிலிருந்தோர்க்கு எழுதிய நிருபத்தில், அங்கே வீடு கட்டவும் தோட்டம் இடவும் அந்நகரின் சமாதானத்திற்காக வேண்டவும் பணித்தார். நம் மதுரை மாவட்டத்தில் ஆனையூரிலும் உச்சப்பட்டியிலும் திருவாதவூரிலும் ஈழத்தமிழர் முகாம்கள் உள்ளன. அங்கே பிறந்த பிள்ளைகள் பலர் தந்தையர் ஊரைக் கண்டவரல்லர். மீள விரும்புவோர்க்கு வழியும், தங்க விரும்புவோர்க்கு உரிமையும் வேண்டும். அவர்க்கு நாம் நல்ல பாபிலோனாக இருந்தால் மட்டும் போதாது. நல்ல அயலாராகவும் இருத்தல் கடன்.

இறுதியாக, நம்மை நோக்கியும் ஒரு சொல் உளது. மதில் எழுந்தபின் எருசலேம் அகன்று கிடந்தது, குடிகளோ சிலர். ஆகவே மக்கள் சீட்டுப் போட்டுப் பத்தில் ஒருவரை நகரிற் குடியேற்றினர். மற்ற ஒன்பதின்மர் தத்தம் ஊரில் தங்கினர். தாமே மனமுவந்து சென்றோரை மக்கள் வாழ்த்தினர். விளைச்சலிற் பத்திலொன்று கொடுத்த மக்கள் தம்முட் பத்திலொருவரையும் கொடுத்தனர். அன்று நகரை நிரப்ப ஊரினின்று ஆள் வேண்டியிருந்தது. இன்று எம் சிற்றூர்களின் நிலை மாறானது. கற்றவர் ஒன்பதின்மர் நகரத்தை நாடுகின்றனர். ஊர்ப்பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வயலுக்கும் ஆள் குறைகின்றது. நம்மை எவரும் சிறைபிடித்துச் செல்லவில்லை. திரும்பும் வழியைப் படை எதுவும் மறிக்கவில்லை. இரணைதீவு மக்கள் இருபத்தாறு ஆண்டு காத்திருந்து பெற்ற பேறு நமக்கு ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் உள்ளது. கல்லூரி விட்டுச் செல்லும் நம்முட் பத்திலொருவரேனும் மனமுவந்து தம் ஊர்க்கு மீள்வரேல், அவரையும் ஊரார் வாழ்த்துவர். ஆனதோத் ஊரார் பெயரை ஏட்டில் எழுதுவித்த ஆண்டவரும் அவர் பெயரை மறவார்.