கைமாறிச் சென்ற கடிதங்கள்

உறையிட்டு ஒட்டிய கடிதத்தைச் சுமந்து செல்வோர் அதனுள் இருப்பதை அறியார். உறையே இல்லாத கடிதம் ஒன்று, முன்பின் அறியாத பலர் கைகளைக் கடந்து செல்ல வேண்டுமாயின், அதன் மறைவைக் காப்பது யாது? இவ்வினாவிற்கு விடை கண்ட ஆர்வலர் கூட்டம் ஒன்றன் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

1980களில் அமெரிக்காவில், கணினியில் ஈடுபாடு கொண்டோர் பலர் தம் இல்லத்துக் கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைத்துச் ‘செய்திப் பலகை’ நிலையங்களை நடத்தினர். கணினியின் குறிகளை ஒலியாக்கிக் கம்பி வழியே செலுத்தும் கருவிக்கு மோடம் என்பது பெயர். பிறர் தம் கணினி வாயிலாக அந்நிலையத்தை அழைத்து, அங்குள்ள செய்திகளைப் படிப்பர். தம் கருத்தையும் எழுதி வைப்பர். ஆயினும், ஒரு நிலையத்தில் எழுதியது அந்நிலையத்திலேயே தங்கிவிடும்.

இக்குறையை நீக்க முற்பட்டவர் சான்பிரான்சிஸ்கோ நகரத்து டாம் ஜென்னிங்ஸ் என்பார். 1984-ஆம் ஆண்டில் அவரது நிலையமும், பால்டிமோரில் இருந்த ஜான் மேடில் என்பாரின் நிலையமும் தாமே ஒன்றையொன்று அழைத்துக் கடிதங்களை மாற்றிக்கொண்டன. இவ்வாறு தோன்றிய அமைப்பே ஃபைடோநெட் ஆகும். ஃபைடோ என்பது மேலைநாட்டார் நாய்க்கு இடும் பெயர்களுள் ஒன்று. வட்டினைக் கவ்விய நாயின் உருவமே அவ்வமைப்பின் சின்னமாயிற்று.

பகலில் எழுதப்பெற்ற கடிதங்களை நிலையம் சேர்த்து வைத்திருக்கும். நள்ளிரவு கடந்தபின் தொலைபேசிக் கட்டணம் குறையும். அப்பொழுது குறித்த ஒரு மணி நேரம் மனிதர் எவரும் நிலையத்தை அழைத்தல் கூடாது. இயந்திரங்களே ஒன்றோடொன்று உரையாடிக் கடிதங்களைக் கொடுத்து வாங்கும்.

நிலையங்கள் பெருகவே செலவும் பெருகிற்று. ஒரே நகரில் உள்ள பத்து நிலையங்களுக்குக் கடிதம் அனுப்பப் பத்து நெடுந்தொலைவு அழைப்புகள் வேண்டியிருந்தன. ஆகவே 1985-ஆம் ஆண்டில் அண்மையில் உள்ள நிலையங்களை ஒரு வலையாகத் தொகுத்து, ஒவ்வொரு வலைக்கும் ஒரு தலைமை நிலையத்தை அமைத்தனர். கடிதங்கள் யாவும் ஒரே கட்டாகத் தலைமை நிலையத்தை அடையும். அஃது உள்ளூர் அழைப்பால் உரியவர்க்குப் பகிர்ந்தளிக்கும். பின்னர், பெருநிலப் பகுதிகள் மண்டலங்களாக வகுக்கப்பட்டன. 1:100/22 என்னும் முகவரியில் முதல் எண் மண்டலத்தையும், அடுத்த எண் வலையையும், இறுதி எண் நிலையத்தையும் குறிக்கும். நாடு, ஊர், வீடு எனக் கடித உறையில் எழுதுவது போன்றதே இஃது.

நிலையங்களின் தொலைபேசி எண்கள் அடங்கிய பட்டியல் வாரந்தோறும் திருத்தி வெளியிடப்பெற்றது. அதில் ஓர் எண் பிழைபடின் விளையும் தீங்கு சிறிதன்று. தொடர்பில்லாத ஒருவர் வீட்டுத் தொலைபேசி நள்ளிரவில் ஒலிக்கும். எடுத்துக் கேட்பின் இயந்திரத்தின் கூவலே கேட்கும்! தொடக்க நாள்களில் இவ்விடர் நேர்ந்ததும் உண்டு.

இனி, முன்னர் எழுப்பிய வினாவிற்கு வருவோம். தனிக்கடிதம் எனக் குறியிட்டால் நிலையத்திற்கு வரும் பிறர் அதனைக் காண இயலாது. ஆனால், வழியில் உள்ள நிலையங்களின் உரிமையாளர் காண இயலும். சட்டத்திற்கு மாறான செய்தி தம் நிலையம் வழியே செல்கின்றதா எனப் பார்க்கும் உரிமையும் அவர்க்கு உண்டு. இடைநிலையத்தார் அனைவரும் இசைந்தாலன்றி மறைமொழியில் எழுதிய கடிதத்தை அவர்கள் வழியே அனுப்புதல் கூடாது. எனினும், தமக்கு உரியதல்லாத தனிக்கடிதத்தின் பொருளை வெளியிடுதலும், எவ்வகையிலேனும் பயன்படுத்துதலும் குற்றம் என்று 1989-ஆம் ஆண்டின் விதித்தொகுப்பு வரையறுத்தது. கண் காணலாம், நா உரைத்தல் ஆகாது என்பதே அதன் கருத்து.

1990களின் இடைப்பகுதியில் முப்பதாயிரத்திற்கும் மேற்பட்ட நிலையங்கள் இவ்வமைப்பில் இருந்தன. இணையம் பரவியபின் அத்தொகை பெரிதும் சுருங்கிற்று. இந்நிலையங்களை நடத்தியோர் பெரும்பாலும் ஊதியம் கருதாதவர். தம் இல்லத்தில், தம் பொருளைச் செலவிட்டுப் பிறர் கடிதங்களைச் சுமந்தவர். அக்கடிதங்களுக்கு உறையும் இல்லை, பூட்டும் இல்லை. சுமந்தவர்தம் நேர்மையே அவற்றிற்கு உறையாய் அமைந்தது.