கண்ணாடி மனையும் காற்றின் ஈரமும்

செடி வாழ நீர் வேண்டும் என்பதை அறியாதார் இலர். ஆனால், வேருக்கு விடும் நீரைப் போலவே, இலையைச் சூழ்ந்த காற்றிலுள்ள நீரும் பயிரின் வாழ்வையும் தாழ்வையும் வகுக்கின்றது என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. திறந்த வெளியில் காற்றை அடக்கியாள உழவனால் இயலாது. கண்ணாடி மனையிலோ அப்பொறுப்பு முழுவதும் அவனையே சாரும்.

நெதர்லாந்து நாட்டில், ஹேக் நகருக்குத் தென்மேற்கே, வெஸ்ட்லாந்து என்னும் பகுதி உள்ளது. குளிர் மிகுந்த அந்நாட்டில் தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய் முதலியவற்றைக் கண்ணாடி மனைகளுள் வளர்க்கின்றனர். எங்கு நோக்கினும் கண்ணாடிக் கூரைகளே தோன்றுதலால், அப்பகுதியைக் 'கண்ணாடி நகர்' என்றும் வழங்குவர்.

செடி, வேரால் உறிஞ்சிய நீரில் சிறு பகுதியையே தன்பால் இருத்திக்கொள்கின்றது; எஞ்சியதை இலைத்துளைகளின் வழியே ஆவியாக வெளிவிடுகின்றது. ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார், தொட்டியில் வளர்ந்த சூரியகாந்திச் செடியை நாள்தோறும் நிறுத்து, அது வெளிவிட்ட நீரை அளந்து, 1727ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். இந்நீரோட்டமே மண்ணின் சத்துகளை மேலே ஏற்றிச் செல்கின்றது.

காற்று எவ்வளவு ஈரத்தைத் தாங்கும் என்பது அதன் வெப்பத்தைப் பொறுத்தது. ஒரு கன மீட்டர் காற்று, 20 பாகை செல்சியசில் ஏறத்தாழ 17 கிராம் நீராவியையும், 30 பாகையில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியையும் தாங்கவல்லது. ஆதலின், ஈரக்காற்று குளிர்ந்தால், தாங்க மாட்டாத நீர் துளியாகப் படியும்.

ஈரம் மிகுந்தால் இலைகள் நீரை வெளிவிட இயலாமல் நீரோட்டம் தளரும். சுண்ணாம்புச் சத்து இளந்தளிரை அடையாமையால் இலையோரம் கருகும். தக்காளிப் பூவின் மகரந்தம் ஒட்டித் திரண்டு உதிராமல் நிற்பதால் காய்ப்புக் குறையும். இலையில் தங்கிய நீர்த்துளியில் சாம்பல் பூஞ்சை முளைக்கும்.

ஈரம் குறைந்தாலும் கேடே. இலைகள் இழக்கும் நீரை வேர்களால் ஈடுசெய்ய முடியாதபோது, செடி இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். அதனால் உணவாக்கத்திற்கு வேண்டிய கரியமிலவாயு உட்புகாது, வளர்ச்சி தடைப்படும். சுண்ணாம்புச் சத்து நீரோடு இலைகளுக்கே விரைய, காயின் அடிப்பகுதி கறுத்து அழுகும். வறண்ட வெப்பத்தில் செஞ்சிலந்தியும் பெருகும். தக்காளிக்கு நூற்றுக்கு 60 முதல் 80 பங்கு வரையுள்ள ஈரம் ஏற்றதாகும்.

குளிர்கால இரவிலேதான் பயிரிடுவோனின் அறிவு சோதிக்கப்படுகின்றது. கூரைச் சாளரத்தைத் திறந்தால், பொருள் செலவிட்டு உண்டாக்கிய வெப்பம் வெளியேறும். மூடினால் ஈரம் தேங்கும். எரிபொருளை மிச்சப்படுத்தக் கருதிச் சாளரத்தை மூடிவைப்பவன் அன்றிரவு இழப்பொன்றையும் காணான். சில நாள் கழிந்தபின், தண்டிலும் காயிலும் சாம்பல் நிறம் படரக் கண்டு வருந்துவான்.

விடியலிலும் விழிப்பு வேண்டும். கதிரவன் எழுந்ததும் காற்று விரைந்து சூடேறும். காய்களோ குளிர்ந்தே இருக்கும். அவற்றின்மேல் பனித்துளி படியும். ஆகவே, அறிவுடையோன் விடியுமுன்னரே வெந்நீர்க் குழாய்களால் மனையைச் சிறிது சிறிதாகச் சூடேற்றி, சாளரத்தையும் சற்றே திறந்து வைப்பான். கோடை நண்பகலில் நுண்ணிய நீர்த்திவலைகளைத் தூவிக் காற்றின் வறட்சியைத் தணிப்பான். மாலைக்குள் இலைகள் உலருமாறு, காலையிலேயே நீர் பாய்ச்சுவான்.

கண்ணுக்குப் புலனாகாத பொருளையும் அளந்தறிந்து, உரிய காலத்தில் உரியது செய்பவனுக்கே விளைவு முழுமையாகக் கிட்டும்.