வீட்டுக் கணினியும் வைரஸ் நோயும்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் மாடு கட்டியிருக்கும் வீடுகள் பலவற்றில் இன்று ஒரு மடிக்கணினியும் இருக்கக் காண்கிறோம். 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வாயிலாக மாணவ மாணவியர் பெற்று வந்தவை அவற்றுள் பல. படிப்பு முடிந்த பின்னரும் அவை பரணுக்குச் செல்லவில்லை. பால் கணக்கு, மாந்தோப்புக் குத்தகைக் கணக்கு, சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்வோரின் விற்பனைப் பட்டியல் ஆகியன அவற்றில் ஏறியுள்ளன. ஏட்டிலிருந்த கணக்கு கணினிக்குச் சென்றுவிட்டபடியால், கணினிக்கு வரும் நோயும் குடும்பத்தின் நஷ்டமே ஆகிறது.

கணினி வைரஸ் தூசியாலோ ஈரத்தாலோ உண்டாவதன்று. கணினிக்கு ஆணையிடும் பிற நிரல்களைப் போல அதுவும் ஒரு நிரலே, மனிதர் எழுதியது. தன்னைத்தானே படியெடுத்துக்கொண்டு ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவது அதன் இயல்பு. 1986-இல் பாகிஸ்தானின் லாகூர் நகரில் இரு சகோதரர் எழுதிய ‘பிரெயின்’ என்னும் வைரஸ், பிளாப்பித் தட்டுகளின் வழியே நாடு கடந்து பரவிற்று. அன்று பிளாப்பி செய்த வேலையை இன்று நம் ஊர்களில் பென் டிரைவ் செய்கிறது. ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையம், பள்ளிக்கூடம், ஊராட்சி அலுவலகம் எனப் பத்து இடங்களில் ஒரே பென் டிரைவைச் செருகுவது, கோமாரி கண்ட மாட்டைச் சந்தைக்குச் சந்தை ஓட்டிச் செல்வதற்கு ஒப்பானது.

பிறரைக் குறை கூறும் பொருட்டு இதனை எழுதவில்லை. நோய் பரப்பிய பென் டிரைவ் ஒரு முறை நம் சட்டைப் பையிலேயே இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன், இவ்விரு நகரங்களுக்கும் இடையிலுள்ள ஒரு சிற்றூரில், பயனாளிகள் பட்டியல் ஒன்றைப் பெறுவதற்காக வார்டு உறுப்பினர் ஒருவரின் வீட்டிற்குச் சென்றிருந்தோம். அவர் கறவை மாடுகள் வைத்திருந்து, பால்கோவா காய்ச்சுவோருக்குப் பால் ஊற்றி வருபவர். பட்டியல் அவருடைய மகளின் மடிக்கணினியில் இருந்தது. நம் பென் டிரைவைக் கொடுத்தோம், பட்டியலைப் பெற்றோம், மோர் அருந்தி விடைபெற்றோம். மறுநாள் அப்பெண், பால் கணக்கைச் சேமித்து வைத்திருந்த தம் பென் டிரைவை அக்கணினியில் செருகியபோது, கோப்புறைகள் எவையும் தென்படவில்லை. அவற்றின் பெயரைத் தாங்கிய, வளைந்த அம்புக்குறியிட்ட சின்னங்களே நின்றன.

பதறிய தந்தை, கணினியையும் பென் டிரைவையும் பழுது பார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்றார். அங்கே இரண்டையும் ‘ஃபார்மட்’ செய்து கொடுத்தனர். வைரஸ் நீங்கிற்று, இரண்டாண்டுப் பால் கணக்கும் உடன் நீங்கிற்று. கோவா காய்ச்சுபவரிடம் முன்பணம் பெற்று, அதனைப் பாலால் கழித்து வந்த குடும்பம் அது. எவ்வளவு கழிந்தது, எவ்வளவு நிலுவை என்று காட்ட அவர்களிடம் சான்று ஏதும் இல்லை. கணினி வந்த பின் நோட்டுப் புத்தகம் எழுதுவதை நிறுத்தியிருந்தனர். முடிவில் எதிர்த் தரப்பாரின் நோட்டில் கண்ட தொகைக்கே கணக்குத் தீர்ந்தது. அத்தொகை சரியானதுதானா என்பதை அறிவார் இன்றும் இல்லை.

இதில் பெரிதும் வருந்தத்தக்கது யாதெனில், அக்கணக்கு அழியவே இல்லை என்பதாகும். அவ்வகை வைரஸ் கோப்புகளை அழிப்பதில்லை. மறைத்துவிட்டு, அவற்றின் இடத்தில் போலிச் சின்னத்தை வைக்கிறது. அச்சின்னத்தை அழுத்தினால் வைரஸ் இயங்கும். ஆதலின் அதனைத் தொடாமல், முதலில் வைரஸ் எதிர்ப்பு மென்பொருளால் சோதித்து நோயை நீக்க வேண்டும். பின்னர், கோப்புகளைக் காட்டும் சாளரத்தில் ‘வியூ’ என்னும் பகுதிக்குச் சென்று ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ என்பதைத் தேர்ந்தால் மறைந்தவை பெரும்பாலும் தென்படும். அதனாலும் தென்படாவிடில், ‘அட்ரிப்’ என்னும் கட்டளையால் வெளிக்கொணர இயலும். விவரமறிந்த மாணவர் எவரும் இதைச் செய்து தருவர். ஃபார்மட் செய்வது கடைசி வழி. கடைக்காரர் அதனை முதல் வழியாகச் சொல்வாராயின், கோப்புகளை எடுத்துத் தர முடியுமா என்று கேட்ட பின்னரே கணினியைக் கொடுக்க வேண்டும்.

எல்லா வைரஸும் இவ்வளவு எளியதன்று. 2017 மே 12-ஆம் நாள் ‘வான்னாக்ரை’ என்னும் நிரல் உலகெங்கும் பரவத் தொடங்கிற்று. சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்ட கணினிகளை அது பற்றியது. பிரிட்டனில் மருத்துவமனைகளே ஸ்தம்பித்தன. மே 15, திங்கட்கிழமையன்று நம் மலைக்கு அப்பால் கேரளத்திலும் அது காணப்பட்டது. வயநாடு மாவட்டத்தின் தரியோடு ஊராட்சி அலுவலகத்திலும், பத்தனம்திட்டா மாவட்டத்தில் கோன்னியை அடுத்த அருவாப்புலம் ஊராட்சி அலுவலகத்திலும் கணினிகள் பூட்டப்பட்டு, 300 டாலரை பிட்காயினாகச் செலுத்துமாறு திரையில் அறிவிப்பு நின்றது. ஊராட்சிக் கணினியை எவன் நாடுவான் என்று எண்ணியிருப்போர் இதைக் கருத வேண்டும். அந்நிரல் எவரையும் தேடி வரவில்லை. திறந்திருந்த கதவு எதுவோ அதில் நுழைந்தது.

அக்கதவை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2017 மார்ச் 14-ஆம் நாளே வெளியிட்டிருந்தது. அதனை ஏற்றிக்கொண்ட கணினிகளுக்குள் வான்னாக்ரை அவ்வழியே நுழைய இயலவில்லை. ‘அப்டேட்’ என்று கணினி கேட்கும்போது, டேட்டா தீர்ந்துவிடும் என அஞ்சி நம்மவர் பலர் தள்ளி வைக்கின்றனர். கோமாரித் தடுப்பூசியை ஆறு திங்களுக்கு ஒரு முறை போட்டுக்கொள்ளும் உழவருக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பழைய கணினி வைத்திருப்போர் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 7-க்கு வழங்கப்பட்டு வந்த வழக்கமான திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஆம் நாளோடும், விண்டோஸ் 10-க்கு உரியவை 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடும் நின்றன. அத்தகைய கணினியை இணையத்தில் இணைக்காமல் கணக்கெழுத மட்டும் வைத்துக்கொள்ளலாம். அல்லது இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை அதில் நிறுவலாம்.

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் ‘டிஃபெண்டர்’ என்னும் காவல் மென்பொருள் உடனாகவே வருகிறது; தனியே விலை கொடுத்து வாங்குவது வீட்டுக் கணினிக்குப் பெரும்பாலும் தேவையில்லை என்பதே நம் கருத்து. ஆயினும் திருட்டு மென்பொருளை நிறுவுவதற்காக, அதனோடு வரும் குறிப்பின்படி டிஃபெண்டரை நிறுத்தி வைப்போர் பலர். இராஜபாளையம் நாயை வளர்ப்பவர், முகமறியாதவன் கேட்டான் என்பதற்காக இரவில் அதனைக் கட்டிப் போடுவாரா? கட்டுத்துணி வணிகர்கள், எதிர்பாராத மின்னஞ்சலில் ‘பில்’ என வரும் இணைப்பைத் திறக்குமுன், அனுப்பியவரைத் தொலைபேசியில் கேட்டுத் தெளிதல் நலம். உழவர் உதவித்தொகையின் பெயரால் வாட்ஸ்அப்பில் வரும் ‘ஏபிகே’ கோப்பும் இவ்வினத்ததே, தொடாமல் நீக்கிவிடுக.

இத்தனைக்குப் பிறகும் நோய் வரலாம். அப்போது காப்பது மற்றொரு படியே. கணக்கு முடிக்கும் நாள்தோறும் அதனைத் தனியான பென் டிரைவில் படியெடுத்து, உடனே கழற்றி வைக்க வேண்டும். கணினியிலேயே செருகியிருக்கும் படியையும் வான்னாக்ரை போன்றவை பூட்டிவிடும். திங்களுக்கு ஒரு முறை காகிதத்தில் அச்சிட்டுக்கொள்வதும் நன்று. காகிதத்தை வைரஸ் தீண்டுவதில்லை, கரையான் தீண்டும் என்பது வேறு.

பணம் கேட்கும் அறிவிப்பு திரையில் தோன்றினால், இணையத் தொடர்பையும் செருகியுள்ள பிற சாதனங்களையும் உடனே துண்டிக்க வேண்டும். பணம் கொடுத்தலாகாது, கொடுத்தாலும் கோப்பு திரும்பும் என்பதற்கு உறுதி இல்லை. பூட்டப்பட்ட கோப்புகளையும் அழிக்க வேண்டாம். 2016-இல் ஐரோப்பியக் காவல் துறையினர் முதலானோர் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ என்னும் இணையதளத்தில் சில வகைகளுக்குரிய திறவுகோல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2017-இல் மத்திய அரசு நிறுவிய சைபர் ஸ்வச்சதா கேந்திராவின் தளத்தில், நோய் நீக்கும் கருவிகளை விலையின்றிப் பெறலாம். வங்கிப் பணம் பறிபோயிருப்பின், தாமதமின்றி 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

அண்மையில் மீண்டும் அவ்வார்டு உறுப்பினரின் வீட்டிற்குச் சென்றிருந்தோம். பால் கணக்கு இப்போது இரண்டு பென் டிரைவ்களில் இருக்கிறது. ஒன்று பீரோவில், மற்றொன்று அவருடைய தமக்கையார் வீட்டில். நோட்டுப் புத்தகமும் திரும்ப வந்துவிட்டது. வேறொரு பட்டியலுக்காக நாம் பையில் கையை விட்டதைக் கண்ட மகள், “பென் டிரைவ் வேண்டாம் சார், மெயிலில் அனுப்பிவிடுகிறேன்” என்றார். அவ்வாறே அனுப்பினார்.