ஆடி சுவாதிக்கு முன் வாஃப் லாக்கைப் படிக்கப் பழகுங்கள்

ஆடி சுவாதி அன்று திருநாவலூரில் கூட்டம் சேரும். சுந்தரர் பிறந்த ஊர், அன்று அவருடைய குருபூஜை. வருகிற அடியார்களுக்குத் தங்குமிடம், அன்னதானப் பதிவு, உளுந்தூர்பேட்டையிலிருந்து வரும் வழி எல்லாம் சொல்லும் சிறிய இணையதளம் ஒன்றை ஊர்க்காரர் ஒருவர் அமேசான் கிளவுடில் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். தளத்துக்கு முன்னால் வெப் அப்ளிகேஷன் ஃபயர்வால், சுருக்கமாக வாஃப், போட்டாயிற்று. பலரும் இதோடு விட்டுவிடுகிறார்கள். அது யாரைத் தடுத்தது, யாரை உள்ளே விட்டது என்று லாக்கைப் பார்க்காதவரை அதனால் நன்மையா கெடுதலா என்றே சொல்ல முடியாது. தமிழில் இயங்கும் தளத்துக்கு இது இன்னும் அவசியம். தமிழில் தட்டச்சு செய்யும் நம் ஆட்களையே வாஃப் சந்தேகப்பட்டுத் தடுத்துவிடும்.

லாக் எங்கே சேர வேண்டும்

வாஃப் பக்கத்தில் உங்கள் விதிகளின் தொகுப்பான வெப் ஏசிஎல்லைத் திறந்து லாகிங்கை இயக்குங்கள். கிளவுட்வாட்ச், எஸ்3 பக்கெட், ஃபயர்ஹோஸ் என்று மூன்று இடங்கள் உண்டு. ஓர் ஏசிஎல்லுக்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். சிறிய தளத்துக்கு எஸ்3 போதும், செலவும் குறைவு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சுருக்கப்பட்ட கோப்புகளாக வந்து விழும். பக்கெட்டின் பெயர் ‘ஏடபிள்யூஎஸ்-வாஃப்-லாக்ஸ்-’ என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில், சிறுகோடுகளோடு தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் ஏற்காது. புதிதாக அமைப்பவர்களில் பலர் முதலில் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அதே பக்கத்தில் எந்தப் புலங்களை மறைக்க வேண்டும் என்று கேட்கும். குக்கியையும் ஆதரைசேஷன் ஹெடரையும் கண்டிப்பாக மறையுங்கள். லாக்கைப் பார்க்கிறவர் எவரும் அவற்றை எடுத்துக்கொண்டு இன்னொருவர் கணக்குக்குள் நுழையக் கூடாது. முகவரி வரியில் அடியார்களின் கைபேசி எண் போகிறது என்றால் மறைப்பதைவிடப் படிவத்தையே போஸ்ட் முறைக்கு மாற்றுவது நல்லது. முகவரி வரியை மறைத்துவிட்டால் தாக்குதலின் தடயமும் கூடவே போய்விடும்.

செலவு குறையும் என்று அனுமதித்த கோரிக்கைகளை லாக்கில் சேராதபடி வடிகட்டிவிடச் சிலர் சொல்வார்கள். சிறிய தளத்துக்கு அது வேண்டவே வேண்டாம். உள்ளே போனவர் யார் என்பதுதான் பின்னால் தேவைப்படும்.

எத்தனை நாள் வைப்பது? இந்தியக் கணினி அவசரகால மீட்புக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. பாதுகாப்புச் சம்பவம் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. பக்கெட்டை மும்பை அல்லது ஹைதராபாத் ரீஜனில் வைத்து, 200 நாள் கழிந்த கோப்புகள் தானாக அழியும்படி லைஃப்சைக்கிள் விதி எழுதிவிடுங்கள்.

ஒரு பதிவைப் படிப்பது

லாக்கில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு பதிவு. பார்க்க வேண்டியவை ஐந்து: நேரம், முடிவு, முடிவெடுத்த ரூல், வந்தவரின் ஐபி முகவரி, கேட்ட பக்கம். நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். இங்கே அதிகாலை 3 மணிக்கு நடந்தது முந்தைய நாள் 21:30 மணிக் கோப்பில் கிடக்கும்.

லாக்கில் இல்லாத இரண்டையும் தெரிந்துகொள்ளுங்கள். படிவத்தின் முழு உள்ளடக்கம் அதில் வராது. உங்கள் சர்வர் அந்தக் கோரிக்கைக்கு என்ன பதில் தந்தது என்பதும் வராது. பதிலைப் பார்க்க, சர்வருக்கு முன்னால் நிற்கும் லோட் பேலன்சரின் ஆக்சஸ் லாக்கையும் இயக்கி வைக்க வேண்டும். வாஃப் பதிவிலுள்ள ரிக்வெஸ்ட் ஐடிதான் அங்கே ட்ரேஸ் ஐடியாக இருக்கும். அதை வைத்து இரண்டையும் பொருத்திப் பார்க்கலாம்.

கோப்பைத் திறந்து கண்ணால் படிப்பது முதல் நாளுக்குச் சரி. அதன்பின் அமேசானின் அதீனா சேவையில் ஒரு டேபிள் அமைத்து எஸ்கியூஎல்லில் கேளுங்கள். படிக்கும் தரவின் அளவுக்குத்தான் கட்டணம் என்பதால் தேதி வாரியாகப் பார்ட்டிஷன் வைப்பது முக்கியம்.

தமிழ் எழுத்துகள் படும் பாடு

யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட். சாதாரண வலைப் படிவம் அதை அனுப்பும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக விரிந்து 9 பைட் ஆகிவிடும். ‘கா’ என்பதில் ககரமும் துணைக்காலும் தனித்தனிக் குறியீடுகள், ஆக 18 பைட். அமேசானின் கோர் ரூல் செட்டில் படிவத்தின் உடல் 8 கிலோபைட்டைத் தாண்டினால் தடுக்கும் விதி ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் எட்டாயிரம் எழுத்து என்றால் நீண்ட கடிதம். தமிழிலோ 910 குறியீட்டிலேயே வரம்பு முடிந்துபோகும், ஏறக்குறைய நூறு சொல். தன் குடும்பத்தில் எத்தனை பேர், எந்த ஊர், என்ன வசதி வேண்டும் என்று ஒரு பெரியவர் விரிவாக எழுதி அனுப்பினால் அவருக்குக் கிடைப்பது 403 என்ற எண் மட்டுமே. முகவரியின் பாதைக்கு 1,024 பைட்தான் வரம்பு. தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியில் வைக்கும் தளங்களுக்கு 113 குறியீட்டில் அது தீர்ந்துவிடும்.

ஆகவே எந்த ரூல் தொகுதியையும் முதலில் கவுண்ட் நிலையில் வையுங்கள். அப்போது தடுக்காது, பதிவு மட்டும் செய்யும். இரண்டு வாரம் ஓடட்டும். பிறகு அதீனாவில், எந்த ரூல் எந்தப் பக்கத்தில் எத்தனை முறை பட்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். முகவரியின் கேள்விப் பகுதியில் ஆங்கில எழுத்துகளில் ‘%ஈ0%ஏஈ’, ‘%ஈ0%ஏஎஃப்’ என்று திரும்பத் திரும்ப வந்தால் பதற வேண்டாம், அது தமிழ். யூனிகோடிலுள்ள தமிழ் எழுத்துகள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றில்தான் தொடங்கும்.

தீர்வு இரண்டு. படிவத்தை மல்டிபார்ட் முறைக்கு மாற்றினால் விரிவு நின்று ஒரு குறியீட்டுக்கு 3 பைட்டே ஆகும். அதுவும் போதாவிட்டால் அந்த ஒரு ரூலை மட்டும் கவுண்டில் விட்டு, அது ஒட்டும் லேபிள் இருந்து, பதிவுப் பக்கமும் அல்லாமல் இருந்தால் மட்டும் தடு என்று சொந்த ரூல் ஒன்று எழுதுங்கள். தொகுதி முழுவதையும் அணைத்துவிடுவது சோம்பேறித்தனம்.

தடுக்கப்பட்டு, பிறகு உள்ளே வந்தவர்

நான் மிக முக்கியமாக நினைக்கும் கேள்வி இதுதான்: தடுக்கப்பட்ட ஐபி முகவரிகளில் எவை பின்னர் அனுமதிக்கப்பட்டன, எந்தப் பக்கத்துக்கு? பூட்டிய கதவுகளைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திறந்த ஒன்றைக் கண்டவர் அந்தப் பட்டியலில் இருப்பார்.

அப்படித் திறந்த கதவு ஒன்றுக்கு உதாரணம்: 2021 செப்டம்பரில் சென்னையின் ஜோஹோ நிறுவனத்தைச் சேர்ந்த மேனேஜ்எஞ்சின் மென்பொருள் ஒன்றில் சிவிஇ-2021-40539 என்ற ஓட்டை வெளிப்பட்டது. நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. ‘ரெஸ்ட்ஏபிஐ’ என்ற பாதைக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் சேர்த்துக் கேட்டால் கடவுச்சொல் இல்லாமலே நுழைய முடிந்தது என்பதால் ஆக்சஸ் லாக்கில் அதைத் தேடினால் தடயம் கிடைக்கும். சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கம் திருத்தத்தைப் போடவில்லை. 2021 நவம்பர் 9 அன்று நுழைந்தவர்களை 2022 ஜனவரி 18 அன்றுதான் கண்டுபிடித்தார்கள். இடையில் 70 நாள். 5,15,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் நுழைந்தவர்களுக்கு எட்டின. 30 நாள் லாக் மட்டும் வைத்திருக்கும் ஒருவருக்கு இப்படி நேர்ந்தால் நுழைந்த நாளையே காண முடியாது. விசித்திரமான புள்ளிகளும் சாய்கோடுகளும் கொண்ட பாதைகளை வாரம் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

திருவிழா நாள்

ஒரே ஐபியிலிருந்து ஐந்து நிமிடத்தில் இத்தனை கோரிக்கைக்கு மேல் வந்தால் தடு என்று ரேட் ரூல் போடுவது வழக்கம். ஆனால் கைபேசி நிறுவனங்கள் ஒரே ஐபிவி4 முகவரிக்குப் பின்னால் நிறையப் பேரை வைத்திருக்கின்றன. இ-சேவை மையத்தில் உட்கார்ந்து ஒருவரே ஊருக்கெல்லாம் பதிவு செய்துகொடுப்பதும் உண்டு. வரம்பு குறைவாக இருந்தால் ஆடி சுவாதி அன்று காலையிலேயே கூட்டம் மொத்தமும் வெளியே நிற்கும். லோட் பேலன்சரில் ஐபிவி6-ஐ இயக்கினால் நெரிசல் பெருமளவு பிரியும். போன மாத லாக்கில் ஓர் ஐபி ஐந்து நிமிடத்தில் அனுப்பிய அதிகபட்ச எண்ணிக்கையை எடுத்து, அதைப்போல் பல மடங்கு வரம்பைப் பதிவுப் பக்கத்துக்கு வையுங்கள். இறுக்கமான வரம்பு நிர்வாகி உள்நுழையும் பக்கத்துக்கு மட்டும் இருக்கட்டும்.