குஞ்சுகளைக் காப்போம்: கொல்லையில் நாட்டுக்கோழி வளர்ப்போருக்கு ஒரு பாடம்



சென்ற ஆண்டு மழைக்காலத்துக்குச் சற்று முன்பு, நம் அறக்கட்டளையின் பைத்துல்மால் நிதியிலிருந்து, கணவரை இழந்த சகோதரிகள் சிலருக்கு வீட்டுக்குப் பத்து நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வீதம் கொடுத்தோம். தையல் மிஷின் மிதிக்கக் கால் ஒத்துழைக்காதவர்கள், பிள்ளைகளை விட்டுவிட்டு வெளிவேலைக்குப் போக முடியாதவர்கள், ஆனால் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் கொல்லை உள்ளவர்கள் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தோம். மூன்று வாரத்துக்குள் பெரும்பாலான வீடுகளில் குஞ்சுகள் மடிந்துவிட்டன. வயதான ஒரு சகோதரி, கடைசியாகச் செத்த குஞ்சை முறத்தில் வைத்து அலுவலகத்துக்கே எடுத்து வந்தார். "தம்பி, நீங்க குடுத்த அமானிதத்தக் காப்பாத்த முடியாமப் போச்சே, மாப்புச் செய்யுங்க" என்றார்.

மாப்புக் கேட்க வேண்டியவர்கள் நாங்கள். குஞ்சைக் கொடுத்த நாங்கள் வளர்க்கும் முறையைச் சொல்லிக் கொடுக்கவில்லை. "மருந்து எதுவும் வேண்டாம், இயற்கையாக வளருங்கள்" என்று பொதுவாகச் சொல்லி அனுப்பினோம். அதைக் கேட்டவர்கள் தடுப்பு மருந்தும் வேண்டாம் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஸதகா கொடுத்தவர்களின் பணமும், வாங்கியவர்களின் நம்பிக்கையும் எங்கள் கவனக்குறைவால் வீணாயின. இவ்வாண்டு மறுபடியும் குஞ்சு கொடுக்க எண்ணியுள்ளோம். அதற்கு முன் இந்தப் பாடத்தை ஒவ்வொரு வீட்டிலும் படித்துவிட வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

இயற்கை முறை என்பது என்ன?

குஞ்சுக்குத் தாயின் சூடு, காய்ந்த தரை, சுத்தமான தண்ணீர், பலவகைத் தீனி, மண்ணைக் கிளற இடம் ஆகியவற்றைக் கொடுத்து, நோய் வராமல் பார்த்துக்கொள்வதே இயற்கை முறை. சீக்கிரம் எடை கூடட்டும் என்று நோய் இல்லாத கோழிக்கும் ஆன்டிபயாடிக் மருந்து கலந்து கொடுப்பதை இம்முறை விலக்குகிறது. அப்படிக் கொடுப்பதால், மனிதருக்குக் கடும் நோய் வரும்போது அதே மருந்துகள் வேலை செய்யாமல் போகும் அபாயம் உண்டு. இதனால்தான் கொலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குப் பயன்படுத்த மத்திய அரசு 2019இல் தடை விதித்தது. தடுப்பு மருந்து இதிலிருந்து வேறானது. நம் பிள்ளைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுப்பது போல, குஞ்சின் உடம்பே நோயை எதிர்க்கப் பழக்குவது அது.

அடை வைத்தல்

நம் ஊர்ச் சிறுவிடைக் கோழிகள் நன்றாக அடை காக்கும். குஞ்சுகளையும் விட்டுக்கொடுக்காமல் காக்கும். ஒரு கோழிக்கு 10 முதல் 12 முட்டை போதும். ஆசைப்பட்டு அதிகம் வைத்தால் ஓரத்து முட்டைகளுக்குச் சூடு கிடைக்காது. ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்து வைத்த முட்டை, விரிசல் விட்ட முட்டை, மிகச் சிறிய முட்டை ஆகியவற்றை ஒதுக்குங்கள். கூடையில் மணலோ வைக்கோலோ பரப்பி, இருட்டான, காற்றோட்டமான மூலையில் வையுங்கள். ஏழாம் நாள் இரவில் டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பார்த்தால், கரு உள்ளதில் சிவப்பு நரம்புகள் தெரியும். தெளிவாக இருப்பது கூமுட்டையாகிவிடும், எடுத்துவிடுங்கள். 21ஆம் நாள் குஞ்சு பொரியும்.

அடைக்கோழியின் இறகில் பேன் இருந்தால் அது நிம்மதியாக உட்காராது. அடை வைப்பதற்கு முன்பே விறகுச் சாம்பலும் மணலும் கலந்த குழியில் அதைப் புரள விடுங்கள். தீனியும் தண்ணீரும் கூடைக்கு அருகிலேயே இருக்கட்டும்.

முதல் மூன்று நாள்கள்

பொரித்த குஞ்சின் வயிற்றில் முட்டையின் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும். இரண்டு நாள் வரை அதுவே உணவு. ஆகவே அவசரப்பட்டு வாயைத் திறந்து ஊட்ட வேண்டாம். வெளியூரிலிருந்து குஞ்சு வாங்கி வந்தால், முதலில் தண்ணீர்தான் கொடுக்க வேண்டும். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் சிறிது கருப்பட்டியோ வெல்லமோ கரைத்து வையுங்கள். ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒருமுறை தண்ணீரில் தொட்டு விட்டால் குடிக்கப் பழகிக்கொள்ளும். ஓரிரு மணி நேரம் கழித்து, அரிசி நொய்யையோ உடைத்த கம்பையோ சாக்கின் மேல் தூவுங்கள். வழவழப்பான காகிதத்தின் மேல் விட்டால் கால் வழுக்கிக் குஞ்சு முடமாகக்கூடும்.

தண்ணீர்ச் சட்டி ஆழமில்லாததாக இருக்கட்டும். நடுவில் கூழாங்கற்களைப் போட்டு வைத்தால் குஞ்சு உள்ளே விழுந்து நனையாது. நனைந்த குஞ்சு குளிரிலேயே செத்துவிடும். ஃபஜ்ருக்குப் பின் ஒருமுறை, அஸருக்குப் பின் ஒருமுறை சட்டியைக் கழுவித் தண்ணீர் மாற்றுங்கள். தொழுகை நேரத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டால் மறக்காது.

சூடு

தாய்க்கோழி இருந்தால் சூட்டைப் பற்றிக் கவலையில்லை. தாயில்லாக் குஞ்சுக்கு நாம்தான் தாய். முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். ஒன்றரை அடி உயர அட்டையையோ தகரத்தையோ வட்டமாக வளைத்து, உள்ளே இரண்டு அங்குலம் நெல் உமி பரப்பி, மேலே பழைய குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிடுங்கள். 30 குஞ்சுகளுக்கு 60 வாட் பல்பு ஒன்று போதும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. சென்ற ஆண்டு இதைத் தெரியாமலும் சில வீடுகளில் குஞ்சுகள் குளிரில் விறைத்தன. மூலை இருந்தால் அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும் என்பதால்தான் வட்டம்.

தெர்மாமீட்டர் தேவையில்லை, குஞ்சுகளே சொல்லும். பல்பின் கீழ் நெருக்கியடித்துக் கத்தினால் சூடு போதவில்லை. விலகி ஓரத்தில் வாய் பிளந்து நின்றால் சூடு அதிகம். பரவலாக மேய்ந்தும் படுத்தும் இருந்தால் சரியாக உள்ளது.

தீனி

சோறும் நொய்யும் மட்டும் போட்டால் குஞ்சு வயிறு நிறையும், உடம்பு தேறாது, இறகும் முளைக்காது. முதல் எட்டு வாரத்தில் தீனியில் ஏறத்தாழ 20 சதவீதம் புரதம் வேண்டும். தானியங்களில் அதில் பாதி அளவே உள்ளது. வீட்டிலேயே கலக்கக்கூடிய 10 கிலோ தீனிக்கு அளவு இது:

கம்பு 3 கிலோ, மக்காச்சோளம் இரண்டரைக் கிலோ, கடலைப் புண்ணாக்கு இரண்டரைக் கிலோ, உப்பில்லாக் கருவாட்டுத் தூள் 1 கிலோ, அரிசித் தவிடு 700 கிராம், தாது உப்புக் கலவை 300 கிராம்.

தானியத்தை ரவை போல உடைத்துக் கலந்துகொள்ளுங்கள். முதல் வாரம் குஞ்சு ஒன்றுக்கு நாளுக்கு 10 கிராம் போதும். எட்டாம் வாரத்தில் ஏறக்குறைய 40 கிராம் தின்னும். இரண்டு எச்சரிக்கைகள்: பூசணம் பிடித்த புண்ணாக்கில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டு, விலை மலிவென்று வாங்காதீர்கள். சமையலுக்கு வாங்கும் உப்புக் கருவாட்டைப் போடாதீர்கள், அந்த உப்பே குஞ்சைக் கொன்றுவிடும்.

காசு கொடுத்து வாங்காத புரதமும் உண்டு. பழைய பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த ஓலை, சாணம் ஆகியவற்றைத் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் எடுத்தால் கரையான் ஏறியிருக்கும். அதைத் தட்டிப் போட்டால் குஞ்சுகள் போட்டி போட்டுத் தின்னும். சுவர் ஓரத்திலும் கதவு நிலை அருகிலும் வைக்காதீர்கள். முருங்கைக் கீரையைப் பொடியாக நறுக்கிப் போடலாம். தார்ப்பாய் விரித்த குழியில் மண்ணும் சாணக் கரைசலும் தண்ணீரும் விட்டு அசோலா வளர்ப்பவர்கள், அதைச் சாண நெடி போக நன்றாக அலசிவிட்டுக் கொடுங்கள்.

கோழிக்கழிச்சல்: சென்ற ஆண்டின் பாடம்

நம் குஞ்சுகளைக் கொன்றது வெள்ளைக்கழிச்சல் என்றும் இராணிக்கெட் என்றும் சொல்லப்படும் நோய். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், தலை சாயும், கழுத்து முறுக்கிக்கொள்ளும், மூச்சு இழுக்கும். வந்துவிட்டால் மருந்து கிடையாது. கீழாநெல்லியோ பூண்டோ மஞ்சளோ இதை நிறுத்தா. இதை நாங்கள் அழுத்திச் சொல்கிறோம்.

காப்பு தடுப்பு மருந்தில் மட்டுமே உள்ளது. 7ஆம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு; நான்காம் வாரத்தில் குடிநீரில் மறுபடியும் ஒருமுறை; எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசி. பெரிய கோழிகளுக்கு அரசுக் கால்நடைத் துறை ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி வாக்கில் நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமில் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். ஒரு குப்பி மருந்து நூறு கோழிக்கு மேல் வரும். அதைக் குளிரில் வைத்திருக்க வேண்டும். கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். பத்துக் குஞ்சு வைத்திருப்பவர் தனியாகப் போய்க் கேட்பது கடினம். எனவே ஒரு தெருவில் உள்ளவர்கள் பேசிவைத்து ஒரே வாரத்தில் குஞ்சு இறக்கினால், எல்லா வீட்டுக்கும் ஒரே காலையில் சொட்டு மருந்து போட்டுவிடலாம். பக்கத்து வீட்டார் யாராக இருந்தாலும் அவர்கள் கோழிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நோய் வேலி பார்த்து வருவதில்லை.

மற்ற நோய்கள்

மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளுக்கு இரத்தக்கழிச்சல் வரும். ஈரமான உமியில்தான் இது அதிகம் பரவும். தினமும் உமியைக் கிளறி, நனைந்ததை அள்ளி வெளியே போட்டாலே பெரும்பாலும் தடுக்கலாம். இரத்தம் கலந்து கழிந்தால் தாமதிக்காமல் கால்நடை மருந்தகத்துக்குச் செல்லுங்கள், இதற்கு மருந்து உண்டு. கோடையில் கொண்டையிலும் கண்ணோரத்திலும் அம்மைக் கொப்புளம் வந்தால் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசலாம். கண் மூடிய குஞ்சுக்குக் கையால் தீனி ஊட்டுங்கள். அம்மைக்கும் தடுப்பூசி உண்டு. வாரம் ஒருநாள் சின்ன வெங்காயம், பூண்டு, கீழாநெல்லி ஆகியவற்றைப் பொடியாக நறுக்கித் தீனியில் கலந்து கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். அதைச் செய்யுங்கள், தடுப்பு மருந்துக்கு மாற்றாக மட்டும் நினைக்காதீர்கள்.

காகம், பருந்து, பூனை, கீரி ஆகியவற்றுக்கு அஞ்சி ஆறு வாரம் வரை பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்து, கண் பார்வையில் மட்டும் மேய விடுங்கள். மஃரிபு பாங்கு சொல்வதற்கு முன் எண்ணிப் பார்த்து அடைத்துவிடுங்கள்.

நோய் வந்துவிட்டால் நம் கடமை

தெருவில் கழிச்சல் என்றதும் இருக்கிற கோழிகளை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுவிடுவது நம்மிடையேயும் நடக்கிறது. குறையை மறைத்து விற்பது மார்க்கத்தில் கூடாது. நமக்கு வந்த நட்டத்தை இன்னொரு ஏழையின் கொல்லைக்கு அனுப்பிவைப்பதாகும் அது. நோய்ப்பட்டதைத் தனியே பிரியுங்கள். அதைத் தொட்ட கையோடு மற்றவற்றைத் தொடாதீர்கள். தானாகச் செத்தது நமக்கு ஹராம். அதை நாய்க்கோ சாக்கடைக்கோ எறியாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். உங்கள் தெரு அறக்கட்டளைப் பொறுப்பாளருக்கு அன்றே சொல்லி அனுப்புங்கள், யாரும் குறை சொல்ல மாட்டோம். அறுப்பதற்கு முன் சில நாள் அடைத்து வைத்து நல்ல தீனி கொடுக்கும் நம் பெரியவர்களின் பழக்கத்தையும் விட்டுவிடாதீர்கள்.

இவ்வாண்டு என்ன செய்கிறோம்?

அடைமழை நேரத்தில் குஞ்சு கொடுக்க மாட்டோம். மழை ஓய்ந்து தரை காய்ந்த பிறகு, முதல் இரண்டு தடுப்பு மருந்தும் போட்ட குஞ்சுகளையே தெரு வாரியாக ஒரே நாளில் கொடுப்போம். ஒரு மாதத்துக்கான தீனியும் சேர்த்துத் தருவோம். எட்டாம் வார ஊசிக்கு நாங்களே ஏற்பாடு செய்வோம். சென்ற ஆண்டு குஞ்சு இழந்தவர்களுக்கே முதலிடம். முறத்தோடு வந்த அந்தச் சகோதரியின் பெயர் பட்டியலில் முதலாவதாக உள்ளது. "மறுபடியும் செத்துப் போச்சுன்னா?" என்று தயங்கியவரிடம், இம்முறை சேர்ந்தே பார்த்துக்கொள்வோம் என்று சொல்லியிருக்கிறோம்.

நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைதான் இடும். பெரும் வருமானம் என்று யாருக்கும் வாக்களிக்க மாட்டோம். ஆனால் ஐந்து கோழி நிலைத்துவிட்டால், பிள்ளைகளின் தட்டில் முட்டை இருக்கும். நோட்டுப் புத்தகத்துக்கும் மருந்துக்கும் யாரிடமும் கை நீட்டாமல் ஒரு சேவலை விற்றுக்கொள்ளலாம். அந்த அளவுக்கு ஒரு வீடு நிமிர்ந்தாலே நம் முயற்சி வீணாகாது. இன்ஷா அல்லாஹ், வாயில்லா ஜீவனைப் பசியிலும் குளிரிலும் விடாமல் காத்த நன்மையும் அதோடு சேரட்டும்.

வஸ்ஸலாம்.
செயலாளர்